விலைச்சீட்டுப் பசை ஒழிப்பு வீரர்

'அதான் வீட்டிலேயே இருக்கே' ஆசாமிகள் என்று ஓர் இனம் உண்டு. எந்தக் கறைக்கும் பிசுக்குக்கும் மருந்து சமையலறையிலேயே இருக்கிறது, கடைக்காரன்தான் அதைச் சொல்லாமல் மறைக்கிறான் என்பது இவர்கள் கொள்கை. உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் நம்மவரைப் பாருங்கள். தபால் அலுவலகத்தில் குமாஸ்தா. முப்பது வருஷம் தபால்தலையோடு புழங்கியவரிடம் பசையைப் பற்றி யார் வாய் திறக்க முடியும்?

அன்று பத்து மணிக்கு மகளுக்கு நேர்முகத் தேர்வு. மூன்று வருஷம் விண்ணப்பம் போட்டு ஓய்ந்த பிறகு வந்த முதல் அழைப்பு. எட்டரை மணிக்கு நம்மவர் அவளுடைய புதுக் கறுப்பு ஷூவைத் திருப்பிப் பார்த்தார். விலைச்சீட்டைக் கிழித்த இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்குப் பசை.

"அப்பா, அது அடியில இருக்கு. யார் பாக்கப்போறாங்க?"

"கால் மேல கால் போட்டா தெரியும்."

"இன்டர்வியூல யாருப்பா கால் மேல கால் போடுவாங்க?"

அவர் காதில் விழவில்லை. முதலில் சமையல் எண்ணெய் தடவினார், பசை அசையாமல் எண்ணெய் மட்டும் ஊர்கோலம் போனது. எண்ணெயை உறிஞ்ச மாவு தூவினார், மாவும் பசையும் கூட்டுச் சேர்ந்துகொண்டன. அந்தக் கூட்டணியை உடைக்க வினிகர், பழைய டூத்பிரஷ், ஹேர் டிரையர் என்று வரிசையாக ஆள் அனுப்பினார். எல்லாம் தோற்று வந்ததும், மனைவியின் நெயில் பாலிஷ் ரிமூவரைக் கவிழ்த்தார். பசை போயே போய்விட்டது. வழிந்த இடத்தில் ஷூவின் கறுப்பும் போய்விட்டது.

"எண்ணெய் பாட்டில் எங்க?" என்றாள் மனைவி உள்ளே இருந்து.

"ஷூவுல" என்றாள் மகள். அழுகையை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள்.

மணி ஒன்பதேகால். மனைவி தான் வேலைக்குப் போட்டுப்போகும் ஷூவைக் கொண்டுவந்து மகள் முன்னால் வைத்தாள். ஓர் அளவு பெரிது. "நுனியில பஞ்சு வெச்சுக்கோ."

"பஞ்சு எதுக்கு? பழைய பேப்பர்தான் வீட்டிலேயே..."

மனைவி பார்த்த பார்வையில் அவரே எழுந்து பஞ்சு எடுக்கப் போனார்.

மகள் போனதும் அவர் அந்த ஒற்றை ஷூவோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பாவம், ஒரு குறையும் இல்லாமல் அவளை அனுப்பிவைக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

சாயங்காலம் மகள் வந்தாள். வேலை கிடைத்துவிட்டது.

"ஷூவைப் பாத்தாங்களா?" என்றார் மெதுவாக.

"கால் மேஜைக்கு அடியில இருந்துச்சுப்பா."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சரி. ஆனால் அவர் எண்ணெயை எடுத்தபோது, 'அடடா, அழிரப்பரால் நாலு தேய்ப்புத் தேய்த்தால் போதுமே' என்று உங்கள் மனசுக்குள் ஒரு குரல் கேட்டதே, அது யாருடைய குரல்? உங்கள் வீட்டில் யாருக்காவது நாளைக்கு நேர்முகத் தேர்வு இருந்தால், ஷூவை இப்போதே ஒளித்துவைக்கச் சொல்லுங்கள். எங்கே வைத்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.