நாலு அணிக்கு நாலு அவுன்ஸ்

கோடை முகாம், சவுக்குத் தோப்பு,
தேவனாம்பட்டினம்.
19-5-1964, செவ்வாய்க்கிழமை

சிதம்பரம் மேலவீதியில் சைக்கிள் கடை நடத்தி வரும் மகா கனம் பொருந்திய சடையப்பன் மாமா அவர்கள் சமூகத்துக்கு, அக்காள் மகன் சக்கரபாணி பணிவான நமஸ்காரத்துடன் எழுதிக்கொள்வது. நானும் என் தேகமும் இப்போது சௌக்கியம். போன ஞாயிற்றுக்கிழமை இந்த வரியை என்னால் எழுதியிருக்க முடியாது, உட்கார்ந்து எழுத அவகாசம் இருக்கவில்லை. தாங்களும் தில்லையம்மாள் அத்தையும் அமிர்தமும் சௌக்கியமாயிருக்க நடராசப் பெருமானை வேண்டுகிறேன்.

அன்றைக்குத் தாங்களும் அத்தையும் பூவும் பழமுமாக முகாமுக்கு வந்ததும், என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனதும் எனக்குத் தெரியும். போகிற வழியில் மஞ்சக்குப்பத்தில் அம்மாவிடம், 'பையனுக்கு உள்ளுக்குள்ளே ஏதோ நோவு இருக்கு, மூடி மறைக்கிறீங்க' என்று சொன்னீர்களாம். வருகிற வெள்ளிக்கிழமை காட்டுமன்னார்கோயில் அரிசி மில் கணக்கப்பிள்ளை வீட்டார் அமிர்தத்தைப் பெண் பார்க்க வருகிறார்களாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாமா, எனக்கு எந்த நோவும் கிடையாது. அது விளக்கெண்ணெய்.

நடந்ததை ஆதியிலிருந்து சொல்கிறேன். வேலை நிரந்தரமானால்தான் அமிர்தம், இல்லையென்றால் கடைக்கு வந்து பஞ்சர் ஒட்டு என்று தை மாதம் தாங்கள் சொன்னீர்கள் அல்லவா? பள்ளிக்கூடத்தில் தற்காலிக டிரில் மாஸ்டராக இருக்கும் எனக்கு ஒரு நல்ல சர்ட்டிபிகேட் கிடைத்தால் உதவுமே என்றுதான் இந்த முகாமில் சேர்ந்தேன். இருபத்துநாலு பையன்கள், பாதிப்பேர் மீனவக் குப்பத்துப் பிள்ளைகள். கெடிலம், பெண்ணை, வெள்ளாறு, கொள்ளிடம் என்று நாலு அணி. முகாம் அதிகாரி நடனசபாபதி அய்யா பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர். அவருக்கு ஒரே ஒரு கொள்கைதான். 'வாயால சொல்லாத. செஞ்சு காட்டு. தலைவன் செஞ்சா பசங்க தானா செய்வாங்க.' கேட்கும்போது எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. மறுநாளே கடலில் நீந்திக் காட்டச் சொன்னார். எனக்கு நீச்சல் தெரியாது என்பதை வேலை கேட்கும்போது நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று விசில் ஊதினேன், அவ்வளவுதான் ஞாபகம். காத்தவராயன் என்று குப்பத்துப் பையன் ஒருத்தன், பன்னிரண்டு வயசு, என் காலைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டான். கண்ணைத் திறந்து பார்த்தால் மிச்சப் பையன்களும் வரிசையாக அலையில் உருண்டு, தண்ணியைக் குடித்து, என் பக்கத்திலேயே மல்லாந்து கிடக்கிறார்கள். என்னடா இது என்றால், 'நீங்க செஞ்ச மாதிரியேதான் சார் செஞ்சோம்' என்கிறான்கள். சுபேதார் தன் நோட்டில் 'ஒற்றுமை நன்று' என்று எழுதிக்கொண்டார். எனக்கு அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும்.

லீவு விட்டால் பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுப்பது நம் வீடுகளில் உள்ளதுதானே? அம்மாக்காரிகள் எல்லோரும் சுபேதாரிடம் கேட்டுக்கொண்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை காலை சுக்குத் தண்ணீரும் விளக்கெண்ணெய் டின்னும் வந்துவிட்டன. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தால் தோப்புக்குள் வெட்டி வைத்த நாலு கக்கூஸ் குழிகள் போதாது என்று, அணிக்கு அணி அரை மணி இடைவெளி விட்டுக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அவர் அரிசி வாங்க மஞ்சக்குப்பம் போய்விட்டார். முதலில் கெடிலம் அணி. ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. 'நீங்க குடிச்சிக் காட்டுங்க சார், அப்பறம் நாங்க குடிக்கிறோம்.' கொள்கை கொள்கைதானே, ஒரு அவுன்ஸ் குடித்தேன். முகத்தைச் சுளிக்காமல் சிரித்துக்கொண்டே குடித்தேன், அதுதான் நான் செய்த பெரிய தப்பு. அரை மணி கழித்துப் பெண்ணை அணி வந்து, 'கெடிலம் பசங்களுக்குத்தான் காட்டுனீங்க, நாங்க பாக்கவே இல்லியே சார்' என்றது. அதுவும் நியாயமாகத்தான் பட்டது. வெள்ளாறுக்கு ஒன்று. கொள்ளிடத்துக்கு ஒன்று. கொள்ளிடம் குடித்ததா என்று பார்க்க நான் அங்கே இல்லை மாமா, தோப்புக்குள்ளே ஓடிக்கிட்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் நீங்களும் அத்தையும் வந்தீங்க. உங்க குடை எனக்குச் சவுக்கு மரத்துக்கு நடுவுல நல்லாத் தெரிஞ்சுது. குரல் கொடுக்கலாம்னுதான் பாத்தேன். மாமான்னு கூப்பிட்டா நீங்க கிட்ட வந்துடுவீங்களே, அதான் கொடுக்கலை. காத்தவராயன் உங்களுக்கு சல்யூட் அடிச்சு, 'சார் இப்பதான் போனாரு. வந்துடுவாரு. வந்த ஒடனே மறுபடியும் போயிடுவாரு'ன்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு. நான் மூணு தடவை வந்தேன், மூணு தடவையும் உங்களைப் பார்த்துக் கும்பிட்டேன், நிக்கத்தான் முடியலை. 'என்னாங்க இது, புள்ள நிக்கவே மாட்டேங்குது'ன்னு அத்தை கேட்டாங்க. என்னா ஆச்சுடா ஒங்க சாருக்குன்னு நீங்க பசங்களைக் கேட்டீங்க. பாவிப் பசங்க இருபத்துநாலு பேரும் ஒரே வாயா, 'ஒண்ணும் ஆவலீங்க, சாருக்கு டெய்லி இப்படித்தான்' அப்படின்னு சொல்லிட்டானுங்க.

ஏன் சொன்னான்கள் என்பது சாயங்காலம் தெரிந்தது. சுபேதார் குழிகளைப் பார்வையிட்டார். நாலில் ஒன்றுதான் உபயோகமாகியிருந்தது. அத்தனை பையன்களும் வாயில் அடக்கி மணலில் துப்பியிருக்கிறார்கள். எண்ணெய்ப் பேச்சை எடுத்தால் மறுபடி ஊற்றிவிடுவோம் என்ற பயத்தில் தங்களிடம் மறைத்திருக்கிறார்கள். இருபத்துநாலு பேருக்கு வழிகாட்டப் போய், காட்டிய வழியில் நான் ஒருத்தன்தான் போயிருக்கிறேன்.

மாமா, இந்த உத்தியோகம் எனக்கு வேண்டாம். ராஜினாமாக் கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். கடைக்கே வந்து பஞ்சர் ஒட்டுகிறேன், வாடகை சைக்கிளெல்லாம் துடைத்து வைக்கிறேன். இனி இந்த ஜன்மத்தில் விளக்கெண்ணெயை வாயில் வைக்க மாட்டேன், இது அமிர்தத்தின் மேல் சத்தியம். அவளைத் தவிர வேறொருத்தியை நான் நினைத்ததில்லை. அரிசி மில்காரர் என்னைவிட நல்லவராக இருக்கலாம், ஓரிடத்தில் நிற்கவும் செய்வார். ஆனாலும் கொஞ்சம் பொறுங்கள். அத்தைக்கு என் வந்தனம். அமிர்தத்திடம், நான் ஓடியது அவளை வேண்டாமென்று அல்ல என்று மட்டும் சொல்லவும். குலதெய்வம் தங்கள் குடும்பத்தைக் காக்கட்டும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
சக்கரபாணி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் மஞ்சக்குப்பத்தில் மாணவர் ஹாஸ்டல் நடத்தும் பெரியவர் ஒருவர் முகாமைப் பார்க்க வந்தார். சுபேதார் என் சங்கதியை விலாவாரியாகச் சொல்லிவிட்டார். 'புள்ளைங்களுக்காக நாலு தடவை குடிச்ச ஆளா? எனக்கு இவருதான் வேணும்' என்று அங்கேயே ஆர்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். வார்டன் உத்தியோகம், நிரந்தரம், குடும்பத்தோடு இருக்க இரண்டு ரூம். ஹாஸ்டலில் அறுபது பையன்கள், ஆறு ஹால். மாதக் கடைசி ஞாயிறு எல்லோருக்கும் விளக்கெண்ணெய். வார்டன் ஒவ்வொரு ஹாலிலும் முதலில் குடித்துக் காட்ட வேண்டும் என்று ஆர்டரிலேயே இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன் மாமா. காட்டுமன்னார்கோயிலாரை வர வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். முகூர்த்தத்தை எந்த நாளில் வைத்தாலும் எனக்குச் சம்மதம். மாதக் கடைசி ஞாயிறு மட்டும் வேண்டாம், தாலி கட்டுகிற நேரத்துக்கு நான் மணையில் இருப்பேன் என்று உறுதி சொல்ல முடியாது.