ராகிக் களிக்கு எத்தனை ஆள் பலம்?

"எங்க ஊட்டு ராகிக் களி ரெண்டு உருண்டை உள்ள போச்சுன்னா, ஒரு கையில கடலைக்காய் மூட்டை, இன்னொரு கையில ஒரு ஆளு, ரெண்டையும் தூக்கிக்கிட்டு ரோட்டைத் தாண்டலாம்" என்றார் மருதாசலம்.

புதுச்சத்திரம் சந்தையில் அதை நம்பியவர் ஒருவரும் இல்லை. ஆனால் அவர் வாங்கிக் கொடுத்த காப்பி எல்லார் கையிலும் சூடாக இருந்ததால் தலையை ஆட்டினார்கள். காப்பி குடிக்காத கம்பவுண்டர் சுவாமிநாதன் மட்டும் ஆட்டவில்லை.

"பட்டணத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குச் சத்து அட்டவணை வந்திருக்குதுங்கண்ணா. அரிசியை விட ராகியில சுண்ணாம்புச் சத்து பல மடங்கு. ஒத்துக்கறேன். மூட்டை தூக்கற சத்துன்னு அதுல ஒரு கட்டமும் இல்லீங்க."

"அப்ப நீ அரிசிச் சோறு தின்னுட்டு வா. நான் களி தின்னுட்டு வாரேன். அடுத்த சந்தைக்குப் பாத்துக்கலாம்."

"தோத்தா?"

"எங்க ஊட்ல களிச்சட்டியே அடுப்பேறாது. அரிசிச் சோறுதான்."

இதைக் கேட்டதும் அவர் மனைவி கந்தம்மாளுக்கு உச்சி குளிர்ந்தது. இருபது வருஷமாக விடியுமுன் எழுந்து வேர்க்க விறுவிறுக்கக் களி கிண்டுகிறவள் அவள். மனுஷன் தோற்றால் விடுதலை.

"ரெண்டு உருண்டை பத்துமாங்க? நாலா தின்னுங்க" என்றாள். வயிறு முட்டினவன் எங்கே குனிவது, எங்கே தூக்குவது?

நாலு தின்றவர் ருசி கண்டு எட்டுக் கேட்டார். ஆறாம் நாள் கல்யாண அண்டா இரவல் வந்தது. களித் துடுப்பு எட்டாமல் ஏர்க்காலைப் போட்டுக் கிண்டினாள் கந்தம்மாள். அவளுக்கு மிஞ்சியது அடிக்காந்தல்தான்.

போதாததற்கு, கம்பவுண்டர் வீட்டுக்கு ஒரு சொம்பு நெய்யும் சுமந்தாள்.

"சோத்துல ஊத்திச் சாப்பிடுங்க தம்பி. எப்படியாச்சும் நீங்க ஜெயிக்கோணும். அவருக்குத் தெரிய வேண்டாம்."

சந்தை நாள் வந்தது. நெய்ச்சோறு உண்ட கம்பவுண்டர் மூட்டைமேல் குனிந்தார். அப்படியே தலையைச் சாய்த்தார். அவர் விட்ட குறட்டையில் நாலு கடை தள்ளிக் கட்டியிருந்த எருமை கயிற்றை அறுத்துக்கொண்டது.

அடுத்து மருதாசலம் குனிந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. கதிர் அறுக்கும் அரிவாள் மாதிரி வளைந்தவர் வளைந்தவர்தான்.

"அடுத்த சந்தைக்கு வெச்சுக்கலாம்" என்றார் தரையைப் பார்த்தபடியே. "அதுக்குள்ள நான் வேளைக்குப் பதினாறு உருண்டை..."

பதினாறு என்ற சொல் கூட்டத்தில் நின்ற கந்தம்மாள் காதில் விழுந்தது. அவ்வளவுதான். கம்பவுண்டரை ஒரு பக்கம் உருட்டிவிட்டாள். மூட்டையை இடது கக்கத்தில் இடுக்கினாள், புருஷனை வலது கக்கத்தில் இடுக்கினாள். சேலம் போகிற பஸ்ஸுக்கு நின்று வழிவிட்டு, ரோட்டைத் தாண்டி, இரண்டையும் தங்கள் மாட்டு வண்டியில் போட்டாள்.

சந்தையே தராசைக் கீழே போட்டுவிட்டு ரோட்டோரம் ஓடி வந்தது.

"பாத்தியா, எங்க ஊட்டுக் களியை?" என்று வண்டிக்குள்ளிருந்து கேட்டார் மருதாசலம்.

உருண்ட இடத்திலிருந்து எழுந்த கம்பவுண்டர் வேட்டியில் மண்ணைத் தட்டினார்.

"என் ரெண்டு கண்ணால பாத்தேனுங்கண்ணா. நீங்க சொன்னது அப்படியே நடந்துச்சு, ஒத்துக்கறேன். ஆனா அந்தச் சத்து தின்னவருக்கு ஏறலீங்க, கிண்டுனவங்களுக்குத்தான் ஏறியிருக்குது. நாளையிலிருந்து துடுப்பை நீங்க புடிங்க."