நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் வாவி உறைந்தது

நியாயமான கோபம் ஆளைக் காப்பாற்றும் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். காப்பாற்றாது. நியாயமான கோபத்தில் இருப்பவர் மற்றவர்களின் பிழையை நூறடி தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பார். தன் கையில் இருக்கும் தாளை மட்டும் வாசித்துப் பார்க்கமாட்டார். இதை நான் மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால், ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கற்றுக்கொண்டேன்.

நான் மட்டக்களப்புப் பக்கத்தில் ஓர் அரச கல்லூரியில் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறேன். கல்லூரியின் பெயரைச் சொல்லமாட்டேன். (சொன்னால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். ஏற்கெனவே வந்த கடிதங்களை வைக்கவே மேசை லாச்சியில் இடமில்லை.)

கோபத்தின் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இன்றைக்கும் தீரவில்லை. எங்கள் பாடத்துக்கு விதித்த நூல் ஒன்று இருந்தது. தடித்த ஆங்கில நூல். மாணவர் எவரும் வாங்க முடியாத விலை. நூலகத்தில் ஒரே ஒரு பிரதி, அதுவும் கண்ணாடி அலுமாரிக்குள், பூட்டுப்போட்டு. வெளியே கொண்டுபோக முடியாது. உள்ளே இருந்து வாசிக்கலாம் என்றால், பரீட்சைக்கு வரும் அத்தியாயத்தை எந்தப் புண்ணியவானோ பிளேட்டால் அழகாக வெட்டி எடுத்துப்போய்விட்டான்.

ஒருநாள் சுகிர்தா என்ற மாணவி அந்த நூலை மேசையில் விரித்துவைத்து ஒவ்வொரு பக்கமாகக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். குருக்கள்மடத்துப் பிள்ளை. தகப்பன் மீன் வியாபாரி. அவளுடைய கைபேசித் திரையில் குறுக்காக ஒரு வெடிப்பு.

"இதில எப்பிடிப் புள்ள வாசிப்பாய்?" என்று கேட்டேன்.

"பஸ்ஸில வாசிப்பன் மிஸ். பெருப்பிச்சாப் பாதி வரி வெளிய போயிடும். மற்றப் பாதிய ஊகிப்பன்."

புள்ளிவிபரவியலை ஊகித்துப் படிக்கிற பிள்ளை! எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது.

உலகத்தில் எத்தனையோ ஆசிரியர்கள் தங்கள் பாடநூல்களை எழுதி, யாரும் வாசிக்கலாம், பிரதி எடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், தங்கள் ஊருக்கேற்ப மாற்றலாம் என்று அனுமதியும் கொடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். திறந்த கல்வி வளங்கள் என்பார்கள். அப்படியொரு நூலைத் தமிழாக்கி எங்கள் பாடநூலாக்க வேண்டும் என்று துறைத்தலைவர் குலேந்திரன் சேரிடம் போனேன். அவரிடம் படித்தவள் நான்.

"இலவசமாக் கிடைக்கிறதில தரம் இரிக்காது புள்ள" என்றார் அவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி.

முதலாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை ஒரு சதம் கட்டாமல் படித்த மனிதர்! அரசாங்கம் கொடுத்த புத்தகம், அரசாங்கம் கொடுத்த சீருடைத் துணி.

"சேர், நீங்களும் நானும் இலவசக் கல்வியிலதானே படிச்சம்?"

"அது வேற."

"என்ன வேற?"

"அது கல்வி. இது இன்டர்நெட்."

நான் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். அதற்கு, முதற்கடிதத்தின் பிரதியை இணைக்கவில்லை என்று பதில் வந்தது. கடைசியில் என் தொல்லை தாங்காமல், "நூலைச் செய்துகொண்டு வாருங்கள், கல்விச் சபைக்கு முன்னால் அறிமுகம் செய்யுங்கள், பிடித்தால் பார்க்கலாம்" என்று ஒரு திகதியையும் போட்டுக் கொடுத்தார்கள்.

நான் தெரிந்தெடுத்தது ஏதோ ஒரு குளிர்தேசத்தில், ஏரிக்கரையிலுள்ள ஒரு சிறிய கல்லூரியில் படிப்பிக்கும் பெண்மணி எழுதிய நூல். தெளிவான நூல். எல்லா உதாரணங்களும் அவருடைய ஏரி, அவருடைய ஊர், அவருடைய மீன். முதல் மூன்று அத்தியாயங்களை ஒவ்வொரு சொல்லாக நானே மொழிபெயர்த்தேன். அந்த மூன்றும் கோடைகாலத்தில் நடப்பவை. (இதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.) பிறகு திகதி நெருங்கிவிட்டது. மீதியைக் கணினியிடம் கொடுத்து மொழிபெயர்த்து, சூத்திரங்களையும் விடைகளையும் மட்டும் சரிபார்த்தேன்.

அத்தோடு விட்டேனா? நம் பிள்ளைகளுக்கு நம் ஊர் உதாரணம் வேண்டாமா? ஒரு சொல்லைத் தேடி இன்னொரு சொல்லாக மாற்றும் வசதி கணினியில் இருக்கிறதல்லவா, அதைப் பிடித்தேன். ஏரி இருந்த இடமெல்லாம் மட்டக்களப்பு வாவி. நகரம் இருந்த இடமெல்லாம் மட்டக்களப்பு. இரண்டு கிராமங்களுக்கு, வாவியின் இரு கரைகளிலுமுள்ள பழுகாமம், களுதாவளை. மீனுக்குக் கொடுவா. ஐந்தே சொடுக்கில் நூல் முழுக்க மண்வாசனை. அந்தப் பின்னேரம் எனக்கு நானே ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து என்னைப் பாராட்டிக்கொண்டேன்.

எங்கள் நூலகர் றிஸ்வானா காத்தான்குடிக்காரி. இந்தப் போராட்டத்தில் எனக்கிருந்த ஒரேயொரு படைவீரர். அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"மிஸ், முன்பக்கம் ரெண்டையும் காணலியே? எழுதினவங்கட பேர் அதிலதான இரிக்கி?"

"வெளிநாட்டுப் பேரைக் கண்டா சபைக்காரர் இன்னும் பயப்படுவாங்க. பிறகு போடலாம் றிஸ்வானா. இலவசம்தானே!"

அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள். அட்டையில் என் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது.

அறிமுக நாள். சபை உறுப்பினர்கள், பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து வந்த விரிவுரையாளர்கள், பின்வரிசையில் மாணவர்கள். மேசையில் பட்டிஸும் வாழைப்பழமும். நான் பட்டுச்சேலையில். (புள்ளிவிபரவியல் நூலுக்குப் பட்டுச்சேலை கட்டிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.)

பேசினேன். அறிவை அலுமாரிக்குள் பூட்டி வைப்பவர்களைப் பற்றிப் பேசினேன். இலவசக் கல்வியில் ஏறி வந்துவிட்டு ஏணியை உள்ளே இழுத்துக்கொள்பவர்களைப் பற்றி, குலேந்திரன் சேரைப் பாராமலே, ஆனால் மண்டபம் முழுவதும் அவரைத் திரும்பிப் பார்க்கும்படியாகப் பேசினேன். வருடத்துக்கு வருடம் அதே குறிப்புகளைக் கல்லூரிக் கேற்றடிப் போட்டோப்பிரதிக் கடையில் விற்கக் கொடுப்பவர்களைப் பற்றியும் பேசினேன். அவருடைய குறிப்புகள்தான் அங்கே விற்பனைக்கு இருந்தன. மாணவர்கள் கைதட்டினார்கள். கடைசியாக நூலைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்துச் சொன்னேன்:

"இதில் உள்ள ஒவ்வொரு வசனமும் எங்கள் மண்ணின் வசனம்!"

குலேந்திரன் சேர் மெதுவாகக் கையை உயர்த்தினார்.

"நல்லம் புள்ள. ஒரு பக்கத்த வாசிச்சுக் காட்டுங்க பாப்பம்."

"எந்தப் பக்கம் வேணுமெண்டாலும் சொல்லுங்க சேர்!"

"நூத்திப் பதினாலு."

அவர் முன்கூட்டியே பார்த்துவைத்திருந்தார் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த நூலில் மூன்றாம் அத்தியாயத்துக்குப் பிறகு எந்தப் பக்கத்தைச் சொல்லியிருந்தாலும் போதும்.

மாணவர் வாயால் வந்தால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று சுகிர்தாவை மேடைக்குக் கூப்பிட்டேன். அவளுக்கு வானொலியில் செய்தி வாசிப்பவர்களைப்போல ஒரு குரல். கணீரென்று தொடங்கினாள்.

"மட்டக்களப்பு வாவி வழமையாக டிசம்பர் நடுப்பகுதியில் உறையத் தொடங்கும்."

மண்டபம் அமைதியானது. நான் சபையின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, வாசிப்பைக் கேட்கவில்லை. என் தமிழில் மயங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

சுகிர்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "வாசிங்க, வாசிங்க" என்று தலையாட்டினேன்.

"ஜனவரியில் பனிக்கட்டி இரண்டடித் தடிப்பை அடைந்ததும், பாரவூர்திகள் வாவியின் மேலாகச் செல்ல அனுமதிக்கப்படும். மட்டக்களப்பு மீனவர்கள் பனிக்கட்டியில் துளையிட்டு, அருகே கூடாரம் அடித்து, நெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்தபடி கொடுவா பிடிப்பர்."

இப்போது கேட்டது. காதில் விழுந்தது, ஆனால் மூளை ஏற்க மறுத்தது. ஆசிரியர் சொல்லைத் தட்டாத பிள்ளை சுகிர்தா. தொடர்ந்தாள்.

"பழுகாமத்தைச் சேர்ந்த மாணவி ஒருத்தி சறுக்குக் கட்டைகளை அணிந்து, வாவியைக் கடந்து களுதாவளையை அடைய எடுக்கும் சராசரி நேரம் இருபத்திரண்டு நிமிடங்கள். வழியில் கலைமான் கூட்டம் குறுக்கிடுவதற்கான நிகழ்தகவு யாது?"

பின்வரிசையில் ஒரு பழுகாமத்துப் பொடியன் எழும்பிவிட்டான். "இருவத்திரண்டு நிமிசமா? நாங்க பஸ்ஸில எவ்வளவு நேரம் கிடக்கிறம் தெரியுமா?"

அவ்வளவுதான். சிரிப்பு கூரையைத் தூக்கியது. பட்டிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த பக்கத்துக் கல்லூரி விரிவுரையாளர் ஒருவருக்குப் புரையேறி, வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. குலேந்திரன் சேர் மட்டும் சிரிக்கவில்லை. மிகுந்த அக்கறையோடு கேட்டார்:

"நான் வருசா வருசம் களுதாவளைப் பிள்ளையாருக்குப் போறனான். வாவிக்கு மேலால நடந்தே போகலாமெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லல்லியே புள்ள?"

அந்த இடத்தில் ஒரு புத்தியுள்ள பெண், "பிழை நடந்துவிட்டது, மன்னியுங்கள்" என்று சொல்லியிருப்பாள். நான் சொன்னது இது: "சேர், இது மாணவரின் கற்பனை வளத்தைத் தூண்டுவதற்காகத் திட்டமிட்டுச் சேர்க்கப்பட்டது."

(என் வாழ்க்கையில் திரும்ப எடுக்க முடியுமென்றால் இந்த ஒரு வசனத்தை எடுப்பேன்.)

"அப்படியோ? ஆர் சேர்த்தது? நீங்களோ, மூல ஆசிரியரோ? மூல ஆசிரியர் ஆர்? அட்டையில உங்கட பேர் மட்டும்தானே கிடக்கு?"

நான் றிஸ்வானாவைப் பார்த்தேன். காப்பாற்றுவாள் என்று நினைத்தேன். அவள் எழும்பி, நல்ல மனத்தோடு, உண்மையைச் சொன்னாள்.

"சேர், இந்தப் புத்தகத்த ஒரு மிஸ் எழுதி எல்லாருக்கும் சும்மா குடுத்திரிக்காங்க. காசு கேக்கல்ல. என்ட பேரை மட்டும் போடுங்க எண்டு ஒண்டே ஒண்டுதான் கேட்டிரிக்காங்க. அதைத்தான் நாங்க போடாம உட்டுட்டம்."

'நாங்க' என்று சொன்னாளே, அந்தப் பெருந்தன்மைக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன். ஆனால் மண்டபத்தில் யாருக்கும் சந்தேகமிருக்கவில்லை. இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. பனிக்கட்டிக்குச் சிரித்தார்கள், இதற்குத் தலையைக் குனிந்துகொண்டார்கள். இலவசம் என்றால் தரமில்லை என்று குலேந்திரன் சேர் நினைத்தார். இலவசம் என்றால் தாய் தகப்பன் இல்லை என்று நான் நினைத்திருக்கிறேன். இரண்டில் எது மோசம் என்று எனக்குத் தெரியும்.

சபையின் முடிவு எழுத்தில் வந்தது: "வாவி உறையும் காலம் தொடர்பில் தெளிவு பெறப்படும்வரை ஒத்திவைக்கப்படுகிறது." அரசாங்கக் கடிதத் தாளில், முத்திரை குத்தி!

மூன்று நாள் சுகயீன விடுமுறை எடுத்தேன். மூன்றாம் நாள் அந்தக் குளிர்தேசத்துப் பெண்மணிக்கு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். வழக்குப் போடுவார் என்று எதிர்பார்த்தேன். தன் வகுப்பில் அதை வாசித்துக் காட்டியதாகவும், பிள்ளைகள் கண்ணீர்வரச் சிரித்ததாகவும், உறையாத வாவியின் படமொன்று கிடைக்குமா என்றும் பதில் வந்தது. பெயரைப் போட்டுவிடு, மற்றதெல்லாம் உன் விருப்பம் என்று கடைசியில் ஒரு வரி.

விடுமுறை முடிந்து போனால், வகுப்பில் ஒரே சத்தம். சுகிர்தாவின் தலைமையில் மாணவர்கள் நூலை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து எடுத்திருந்தார்கள்.

"மிஸ், ஆரும் திருத்தலாம் எண்டு நீங்கதானே சொன்ன?" என்றாள் சுகிர்தா.

திருத்தினார்கள். கலைமான்கள் போய் வயல் வட்டைக்குள் இறங்கும் யானைகள் வந்தன. சறுக்குக் கட்டை போய்த் தோணி வந்தது. பனிக்கட்டிக் கணக்குக்குப் பதிலாக, சுகிர்தா தன் தகப்பனிடம் கேட்டுக்கேட்டு எழுதிய வாவி இறால் நிறைக் கணக்கு. அதைவிட நல்ல பயிற்சி அந்த விலைகூடிய ஆங்கில நூலில்கூட இல்லை என்று நான் எங்கும் சத்தியம் செய்வேன். முதற்பக்கத்தில் மூல ஆசிரியரின் பெயர். கீழே திருத்திய மாணவர் எல்லாரின் பெயர்களும். அதற்கும் கீழே, கோயில் ரியூப்லைற்றில் எழுதுவதுபோல ஒரு வரி: "பிழைகள் உபயம்: யசோ மிஸ்."

சபை அதை இரண்டு தவணை கழித்துத் துணை வாசிப்பு நூலாக ஏற்றுக்கொண்டது. துணைதான். பிரதான நூல் இன்னும் கண்ணாடி அலுமாரிக்குள்தான் இருக்கிறது. வெட்டப்பட்ட அத்தியாயமும் திரும்பி வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடிக்கும். அடுத்த வருடம் கேற்றடிக் கடையில் குலேந்திரன் சேரின் புதிய குறிப்புத் தொகுதியைப் புரட்டினேன். உள்ளே சுகிர்தாவின் இறால் கணக்கு! அப்படியே, இரண்டாம் வரியில் இருந்த எழுத்துப்பிழையோடு. அவள் பெயர் இல்லை. படியேறி அவருடைய அறைக்குப் போனேன்.

"சேர், இது அந்தப் பிள்ளை எழுதினது. பேரைப் போடாம எடுத்திருக்கிறீங்களே!"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இலவசம்தானே புள்ள."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். இந்த உலகத்தில் அந்த வசனத்துக்காக அவரைத் திட்டத் தகுதியில்லாத ஒரே ஆள் நான்தான் என்பது ஞாபகம் வந்தது. இறங்கி வந்துவிட்டேன். ஆனால் விடவில்லை. றிஸ்வானா எழுத, நான் கையெழுத்திட, அவருக்கு ஒரு கடிதம் போனது. அதற்கடுத்த வருடப் பிரதியில் சுகிர்தாவின் பெயர், மிகச் சிறிய எழுத்தில், வந்தது.

எங்கள் வீட்டில் இந்தக் கதை அடங்கவேயில்லை. மின்விசிறி வேகமாகச் சுற்றினால் என் கணவர் சால்வையைத் தேடுகிறார். கல்யாண வீடுகளில் என்னை "வாவியை உறைய வைத்த மிஸ்" என்றுதான் அறிமுகம் செய்கிறார்கள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வேன். ஆனால் கல்முனை வீதியில் மீன் வாங்க இறங்கினால், சுகிர்தாவின் தகப்பன் பெட்டிக்குள் ஐஸை அள்ளிப் போட்டபடியே, முகத்தில் ஒரு துளி சிரிப்பில்லாமல் கேட்பார்:

"மிஸ், இந்த முறை வாவி எப்ப உறையுமெண்டு முன்கூட்டிச் சொல்லிப் போடுங்க. ஐஸ் வாங்கிறத நிப்பாட்டலாம்."