மூக்கு விலக விதியில்லை

வல்தெமோரா வட்டாரத் திராட்சை மதுத் தரநிர்ணயக் குழுவின் மூத்த சுவைப் பரிசோதகர் உல்பியானோ, காய்ச்சல் தெளிந்து எழுந்த செவ்வாய்க்கிழமை காலையில் பூண்டை நசுக்கி முகர்ந்து பார்த்தார். ஒன்றுமே தெரியவில்லை. பத்தொன்பது ஆண்டு அரசுப்பணி ஆற்றிய மூக்கு.

நேர்மையான மனுஷர். நேரே போய்க் குழுத்தலைவி லியோகாதியாவிடம் சொன்னார்.

"தலைவரம்மா, எனக்கு மோப்பமே போயிடுச்சு, நாக்குலயும் ருசி தெரியலை. என்னை எடுத்துடுங்க."

தலைவி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "பரிசோதகர் ஓய்வு பெறலாம், இறக்கலாம். மூக்கு மட்டும் விலக விதி இல்லையே?"

"அப்ப எப்படிங்க மார்க் போடுவேன்?"

"கையாலதான். கையெழுத்துப் போட மூக்கு எதுக்கு?"

அன்று முப்பது கோப்பைகளையும் உல்பியானோ முறைப்படி சுழற்றி, முகர்ந்து, வாயில் கொப்பளித்துத் துப்பினார். யாருக்கும் அநியாயம் ஆகக்கூடாதென்று எல்லாவற்றுக்கும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று போட்டார். வாசனைக் குறிப்புக் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்பதால், 'மழை நின்றபின் நூலகம்' என்று எழுதி வைத்தார்.

மாதக் கடைசியில் ஆய்வறிக்கை வந்தது. மற்ற ஆறு பரிசோதகர்களின் மதிப்பெண்கள் ஏறி இறங்க, உல்பியானோவுடையது மட்டும் அணுவளவும் பிசகவில்லை. ஆகவே ஏனையோர் தத்தம் மூக்கை அவருக்கேற்பச் சீர்செய்துகொள்ளும்படி சுற்றறிக்கை பறந்தது. தலைநகர் மாட்ரிட் உணவகங்களில் நூலக வாசனை நாகரிகமாயிற்று.

உல்பியானோவுக்குத்தான் தூக்கம் போயிற்று. ஒரு ஞாயிறன்று, திராட்சைத் தோட்டக்காரி எதெல்வினாவின் மதுக்கிடங்குக்குப் போய் நின்றார்.

"மன்னிச்சுக்கம்மா. உன் மதுவுக்கு வாசனை பாக்காமலே மார்க் போட்டேன். என் மூக்கு செத்து மூணு மாசமாச்சு."

பன்றித்தொடை சீவிக்கொண்டிருந்த எதெல்வினா நிமிரவில்லை. "தெரியும். நான் அனுப்பினது புளிச்சு வினிகராப் போன பீப்பாய்."

"அடிப்பாவி! அதை ஏன் அனுப்புனே?"

"ஏழு வருஷம் நல்லதாத்தானே அனுப்பினேன்? மூக்கு நல்லா இருந்தப்ப எழுபதைத் தாண்டினீங்களா?"

உல்பியானோவுக்கு முகம் சிவந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அந்த நல்ல மதுவெல்லாம் என்னாச்சு?"

"ஊர்க்காரங்க குடிச்சுட்டாங்க. இப்பவும் மாசம் நாலு பெட்டி உங்க தலைவரம்மா வீட்டுக்குப் போகுது. உங்க குழுவோட தர முத்திரை ஒட்டியிருந்தா மட்டும் திருப்பி அனுப்பிடுவாங்க."