திருப்திக் குழு மயங்கிய கதை

உலகத்திலேயே மனநிறைவோடு உழைக்கும் ஒரே மனிதப் பிறவி மயக்க மருத்துவர்தான். இந்த மாபெரும் உண்மையைக் கண்டறிந்து அருள்வதற்காகத் துனிசியத் தலைநகர் துனிஸிலிருந்து ‘பணித் திருப்தி உயர்மட்டக் குழு’ ஒன்று, தெற்கே பாலைவன ஓரத்து மருத்துவமனைக்கு எழுந்தருளியது. தலைவர் ஸி ஹேதி.

அங்கே மிச்சமிருந்த ஒரே மயக்க மருத்துவர் சிஹெம். மற்றவர்கள் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போய்விட்டார்கள். பிரான்சின் லியோன் நகர மருத்துவமனையிலிருந்து அவளுக்கும் அழைப்பு வந்திருந்தது. மனசு வராமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு அறுவைகளுக்கு நடுவே, பச்சை உடையோடே குழுவின் முன் வந்து உட்கார்ந்தாள்.

“இந்தத் துறைய ஏன் எடுத்தீங்க, டாக்டரம்மா?”

“கண் மருத்துவம் கேட்டேன், கிடைக்கல. வேண்டாவெறுப்பாத்தான் வந்தேன். அப்புறம் பிடிச்சுப்போச்சு. உயிர நம்ம கையில குடுத்துட்டுத் தூங்குறாங்க பாருங்க, அது.”

“ஆக, திருப்தி.”

“வேலை திருப்திதான். கூட ஒரு ஆள் போடுங்க, ஸி ஹேதி. ஒரே நேரத்துல ரெண்டு அவசர கேஸ் வந்தா நான் யார் தலைமாட்டுல நிக்கிறது?”

“அது திருப்தியில சேராது. அது ‘எதிர்பார்ப்பு’. அதுக்கு வேற குழு இருக்கு” என்று ஸி ஹேதி முட்டை வைத்துப் பொரித்த ‘ப்ரிக்’ பலகாரத்தைக் கடித்தார். கடித்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். குடல்வால் வீக்கம். உடனே அறுத்தாக வேண்டும்.

அறுவை மேசையில் படுத்தபடி, “டாக்டர் எங்க?” என்றார்.

“நான் டாக்டர்தான். மூச்ச நல்லா இழுங்க” என்றாள் சிஹெம்.

பாதியில் ரத்த அழுத்தம் சரிந்தது. அறுவை மருத்துவர் நூஃபல் கத்தியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். சிஹெம் ஒரு மருந்து ஏற்றினாள், பிறகு இன்னொன்று. திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அழுத்தம் மீண்ட பிறகுதான் தன் முதுகு நனைந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது.

கண் விழித்த தலைவர் நூஃபலின் கையைப் பிடித்து அழுதார். “என் உயிரக் காப்பாத்தின மகராசன் நீங்கதான்.”

“காப்பாத்தினது இவங்க.”

“இவங்களா? நான்தான் தூங்கிட்டிருந்தேனே. இவங்களுக்கென்ன வேலை இருந்திருக்கும்?”

குழு படுக்கையருகிலேயே கூடி ஒருமனதாகத் தீர்மானித்தது: ‘மயக்க மருத்துவம் ஓய்வு மிகுந்த பணி. நோயாளி உறங்குகிறார், மருத்துவர் அருகில் அமர்ந்திருக்கிறார். துறையினர் அனைவருக்கும் முழுத் திருப்தி. கூடுதல் ஆள் தேவையில்லை.’

அன்றே சிஹெம் லியோனுக்குச் சம்மதம் சொன்னாள்.

அவள் கிளம்பும் நாளில், தையல் பிரித்துக்கொள்ள வந்திருந்த ஸி ஹேதி விஷயம் கேட்டுப் பதறினார். “திருப்தியாத்தானே இருந்தீங்க, டாக்டரம்மா? இனிமே இந்த ஜனங்கள யாரு தூங்க வைப்பா?”

“அதுக்கு நீங்க இருக்கீங்க. ஒரு கூட்டம் போட்டுப் பேசுங்க, நாடே தூங்கிடும்.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “எழுப்பத்தான் உங்ககிட்ட ஆள் கிடையாது.”