பெரியவருக்குச் சிவப்பாய் ஒழுகியது

சேசு மரி சூசை துணை

கியாக்டடா, ரங்கூன்
10 மார்ச் 1966

அன்புக்கும் அவ்வப்போது கோபத்துக்கும் உரிய தம்பி ஏசுரத்தினத்துக்கு, அக்காள் இருதயம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே உன் காரைத் தவிர எல்லாரும் சுகம். அங்கே உன் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

முதலில் நல்ல சேதி. பேத்தி அமலி பத்தாவது பாஸ் செய்துவிட்டாள், பர்மியப் பாடத்தில் பர்மாக்காரப் பெண்களைவிட நாலு மார்க் கூட. இப்போது டைப்பிங் வகுப்பில் நிமிஷத்துக்கு நாற்பத்திரண்டு வார்த்தை அடிக்கிறாள். வாத்தியாரம்மாவுக்குத் தன் மிஷினை நினைத்துப் பயமாம். உன் அத்தான் பெயரைச் சுமக்கும் பேரன் சிங்கராயர் கோவிலில் பூசை உதவிக்கு நிற்கிறான், லத்தீன் மந்திரத்தைச் சாமியாருக்கு முன்னால் முடித்துவிடுகிறான். சின்னவள் பிலோமிக்குக் கையெழுத்தில் முதல் பரிசு, ஒரு சோப்புப் பெட்டி. போட்டியில் எத்தனை பேர் என்று அவளைப் பெற்ற அமிர்தநாதன் கேட்டான். என் மகனானாலும் சொல்கிறேன், கெட்ட குணம். இந்தப் பகுதியை உன் பெண்சாதி தைலம்மாளுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டு.

இனி காருக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ ஊருக்குக் கப்பல் ஏறின அன்று துறைமுகத்தில் என் கையைப் பிடிக்காமல் அதன் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அதை நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை, ஆனால் காரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஏப்ரல் இருபதாம் தேதி ஊரிலிருந்து நீ சிங்கப்பூர் போகிற விமானம் இங்கே மிங்கலாடோனில் ஒரு மணி நேரம் நிற்கும், வெளியே விடமாட்டார்கள், கம்பி வேலி வழியாக முகம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினாயே, அன்றைக்கு உன் காரிலேயே வந்து வேலியோரம் நிற்பேன் என்று நானும் பதில் போட்டுவிட்டேன். பதில் போட்டு நாலு நாள் ஆகவில்லை, காருக்கடியில் சிவப்பு.

வெற்றிலைத் துப்பல் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்து வீட்டு அய்யாசாமி அங்கேதான் சாய்ந்து நின்று மெல்லுவான். வாசலில் நின்று நன்றாகக் கொடுத்தேன். "அக்கா, நான் வெத்திலைய விட்டு மூணு மாசமாச்சு, பாரு" என்று வாயைத் திறந்து காட்டினான். பல்லே மூன்றுதான் இருந்தது. அதன்பின் இன்றுவரை அவன் என்னோடு பேசவில்லை.

அமிர்தநாதன் வந்து உன் அத்தானின் வெள்ளை வேட்டியைக் காருக்கடியில் விரித்துவைத்தான். விடிந்து பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. "என்ஜின் ஆயில்னா கருப்பா இருக்கும்மா, ரேடியேட்டர்னா தண்ணியா இருக்கும், சிவப்புன்னா கியர் எண்ணெய்தான்" என்றான். பிறகு கியர் பெட்டியின் அளவுக் குச்சியை உருவினான். என்ஜின் நின்றிருக்கும்போது எண்ணெய் மேல்கோட்டில் நிற்கிறது, ஓடும்போது கீழ்க்கோட்டுக்கும் கீழே போகிறது. பொய் சொல்கிற குச்சி என்று நான் சொன்னேன். அமலி உன் மேஜை இழுப்பறையிலிருந்து காரின் இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்து வாசித்து, சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது பார்ப்பதுதான் நிஜம் என்றாள். அப்படியானால் எண்ணெய் குறைகிறது. வண்டியும் அப்படித்தான் நடந்துகொண்டது. நகரச் சொன்னால் ஒரு முனகல், நான் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி முடித்தபிறகுதான் அசையும்.

தெருமுனைப் பட்டறை அப்துல் அஜீஸ் பாயைக் கூப்பிட்டோம். அடியில் படுத்துப் பார்த்தார், அடிப்பக்கம் முழுக்க எண்ணெயும் அழுக்கும் அப்பிக் கிடக்கிறது. "அம்மா, எங்கேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரியல. பொட்டியத் திறந்துதான் பாக்கணும். ஆனா திறந்தா மூடுறதுக்குச் சாமான் இந்த ரங்கூன்ல எங்கேயும் கிடைக்காது" என்றார். திறந்தால் போச்சு, திறக்காவிட்டால் ஒழுகியே போச்சு. அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உட்காருவேன், எழுவேன், வேட்டியைப் பார்ப்பேன்.

அப்போதுதான் எதிர்வீட்டு டோ மியா டின்னிடம் பர்மீஸில் என் கவலையைச் சொன்னேன். நம் வீட்டில் காரைப் பெரியவர் என்றுதானே பேச்சு, தன் கியரைத் தானே போட்டுக்கொள்ளும், யார் சொல்லையும் கேட்காது என்று நீ வைத்த பெயர். அதையே பர்மீஸில் "எங்கள் லூஜிக்கு சீ நீ" என்றேன், பெரியவருக்கு எண்ணெய் சிவப்பு என்று. அவள் கன்னத்தில் கைவைத்து, "ஐயோ பாவம், மாவ்பியில ஒரு சயா இருக்கார், இதுக்குன்னே பேர் போனவர்" என்றாள். வித்தை தெரிந்த எவரையும் சயா என்பதுதானே இங்கே வழக்கம். மறுநாளே பஸ் ஏறிவிட்டேன்.

சயா வீட்டில் சுவரெல்லாம் ஜாடி, ஜாடியெல்லாம் வேர். ஸ்பானர் ஒன்றும் கண்ணில் படவில்லை. பெரிய வேலைக்காரர்கள் ஆயுதத்தை வெளியே வைக்கமாட்டார்கள் என்று எண்ணிக்கொண்டேன். நாங்கள் பேசியதை உனக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"லூஜி உங்ககூட எத்தனை வருஷம்?" என்று கேட்டார்.

"ரெண்டு வருஷந்தான் சயா. அதுக்கு முன்னாடி என் தம்பிகிட்ட இருந்தார். அதுக்கும் முன்னாடி ஒரு வெள்ளைக்காரன் வச்சிருந்தான்."

சயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "நடக்கும்போது ஒழுகுதா, படுக்கும்போது ஒழுகுதா?" என்றார்.

"நிக்கும்போதுதான். ராத்திரியில அடியில வேட்டி விரிச்சு விடுறோம்."

"அடடா. உடம்புல சூடு?"

"மேடு ஏறினா கொதிக்கும். கிளம்புன்னா உடனே கிளம்பமாட்டார், ஒரு முனகு முனகிட்டுத்தான் நகருவார்."

"ஒரு தடவை இங்க கூட்டிட்டு வாங்களேன்."

"எப்படி சயா? வழியெல்லாம் ஒழுகும். நடுரோட்ல நின்னுட்டா தள்ளுறதுக்கு நாலு ஆள் வேணும். திறந்து பாக்கணும்னு ஒருத்தர் சொல்றார்."

சயா இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "கூடவே கூடாது! இந்த வயசுல திறந்தா மூடமுடியாது."

அஜீஸ் பாய் சொன்ன அதே வார்த்தை! எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மஞ்சளாக, இங்கே பெண்கள் முகத்தில் பூசுகிற தனக்காவைப்போல ஒரு பொடி கொடுத்தார். அடிவயிற்றைச் சுத்தமாகத் துடைத்து, ஈரமில்லாமல் காயவிட்டு, மெல்லிசாகப் பூசி ஒரு ராத்திரி விட்டால் காலையில் வித்தியாசம் தெரியும் என்றார். ஒரு போத்தல் கஷாயமும் கொடுத்தார், அது கிடக்கட்டும்.

வந்ததும் அமலி காருக்கடியில் புகுந்து மண்ணெண்ணெய்த் துணியால் பெரியவரின் அடிவயிற்றைப் பளபளவென்று துடைத்தாள். காய்ந்ததும் பொடியைப் பூசினாள். கல்யாணப் பெண்ணுக்குக்கூட இவ்வளவு தனக்கா பூசி நான் பார்த்ததில்லை. பத்து நிமிஷம் என்ஜினை முனகவிட்டு நிறுத்தினோம். காலையில் நானே குனிந்து பார்த்தேன், முதுகு இன்னும் நிமிரவில்லை. பொடியெல்லாம் அப்படியே மஞ்சள். ஒரே ஒரு சிவப்புக் கோடு மட்டும், பக்கவாட்டில் வருகிற குழாயின் முடிச்சிலிருந்து புறப்பட்டு, வளைந்து ஓடி, நடுவயிற்றில் வந்து சொட்டுகிறது. சொட்டுகிற இடம் வேறு, ஒழுகுகிற இடம் வேறு!

அஜீஸ் பாய் அதைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "யாரும்மா இந்தப் பொடிய பூசச் சொன்னது? இது வெளிக் குழாய்ம்மா! நான் பொட்டியத் திறந்திருந்தா என் மானமே போயிருக்கும்." அரை மணி நேரத்தில் குழாயின் முனையை வெட்டிப் புதிதாக மடித்து முறுக்கிவிட்டார். மூன்று நாளாக வேட்டியில் ஒரு பொட்டுகூட இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் உன் காரைக் காப்பாற்றிவிட்டேன் என்று சிங்கப்பூரில் எல்லாரிடமும் சொல். இருபதாம் தேதி பெரியவரிலேயே வருகிறோம். வேலியோரம் மூன்று தடவை ஹாரன் அடிப்போம்.

தைலம்மாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர். உன் முழங்காலுக்கும் தனியாக ஒன்று.

இப்படிக்கு,
உன் அக்காள்
இருதயம்மாள்

பின்குறிப்பு: தபாலில் போடச் சொல்லி அமலியிடம் கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். பர்மீஸில் எண்ணெயும் சீதானாம், மூத்திரமும் சீதானாம். குரலைத் தாழ்த்தினால் எண்ணெய், தூக்கினால் மற்றது. நான் எப்போதும் தூக்கித்தான் சொல்கிறேனாம். மாவ்பி சயா நீர்க்கோளாறு வைத்தியராம். நாற்பது வருஷமாக நான் எண்ணெய் கேட்கும்போதெல்லாம் கடைக்காரி சிரித்தது ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது. கஷாயத்தை நான் ரேடியேட்டரில் ஊற்றிவிட்டதை அமலியிடம் இன்னும் சொல்லவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அஜீஸ் பாய் வந்தார். குழாய் நன்றாக இருக்கிறதாம். ஆனால் ஒழுகினது ஒழுகினதுதானே, பெட்டியில் எண்ணெய் இல்லை, அதனால்தான் வேட்டியும் சுத்தம். சிவப்பு எண்ணெய் ரங்கூனில் எந்தக் கடையிலும் கிடையாது. பெரியவர் ஒரு சொட்டும் ஒழுகவில்லை, ஒரு அடியும் நகரவில்லை. ஆகையால் நீ வரும்போது இரண்டு டின் எண்ணெய் கொண்டுவா. அதை வாங்கிக்கொள்ள நாங்கள் காரில் வரமுடியாது, பஸ்ஸில் வருகிறோம். ஹாரன் இருக்காது, நீதான் எங்களைக் கண்டுபிடிக்க வேண்டும், நாங்கள் உன்னைக் கண்டுபிடிக்க வேண்டும். என்னிடம் இருப்பது நீ காரில் சாய்ந்து நிற்கிற பழைய போட்டோதான், அதில் கார் தெரிகிற அளவுக்கு நீ தெரியவில்லை. இரண்டு வருஷத்தில் நீ எப்படி மாறினாயோ, வேலிக்கு அந்தப்பக்கம் இறங்குகிறவர்களில் என் தம்பி யார் என்று தெரியாமல் நான் நிற்கக்கூடாது. இப்போது இருக்கிறபடி, உன் முகம் மட்டும் தெரிகிறமாதிரி புதிதாக ஒரு போட்டோ எடுத்து இந்தக் கடிதம் கண்டவுடன் தபாலில் போடு.