மெட்ராஸ் டு பாரிஸ், பத்தரை மணி நேரம்

சூரியனே நேரில் வந்து மணி சொன்னாலும் தன் கைக்கடிகாரத்தை மட்டுமே நம்பிய மனிதர், பாகூர் பஸ் நிறுத்தத்தில் இருந்த டைம்கீப்பர். அவருக்கு வேறு பெயர் இருந்ததா என்பது அவர் மனைவிக்குத்தான் தெரியும்.

எழுபதுகளில் நான் அங்கே பூகோள வாத்தியார். அவருடைய ஒரே மகள் கல்யாணமாகிப் பாரிஸ் போய்க் கடிதம் போட்டாள்: மெட்ராஸில் காலை ஆறு மணிக்கு ஏறினேன், சாயந்திரம் நாலரைக்கு இறங்கினேன். டைம்கீப்பர் விரல் விட்டு எண்ணினார். பத்தரை மணி நேரம். அன்றிலிருந்து பஸ் டிரைவர்களுக்குக் கெட்ட காலம்.

"எட்டாயிரம் கிலோமீட்டரு, பத்தரை மணில போறான். கடலூர் போவ உனக்கு இன்னாடா ஒரு மணி நேரம்?"

அடுத்த வருஷம் மகள் லீவில் வந்தாள். அங்கே காலை பத்துக்கு ஏறியவள் மறுநாள் காலை ஐந்தரைக்குத்தான் மெட்ராஸில் இறங்கினாள். பத்தொன்பதரை மணி.

"ஒம்போது மணி நேரம் லேட்டு வாத்தியாரே. எங்கியோ நிறுத்திட்டு டீ குடிச்சிருக்கான்."

நமக்கு எட்டு மணி ஆகும்போது அங்கே மூன்றரைதான்; போனாலும் வந்தாலும் பதினைந்து மணி நேரம்தான் என்று விளக்கினேன்.

"ஊருக்கு ஒரு டைம் வெச்சா பஸ்ஸு ஓட்ட முடியுமா?" என்றார்.

ஒரு மாதம் வாதாடி அலுத்து, "சரி, பத்தரையே இருக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். வாத்தியாரே ஒத்துக்கொண்டார் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு சித்திரை வெயிலில், அவர் மனைவி திடீரென்று இறந்துபோனார். தந்தி போனது. இரவு எட்டு மணி விமானத்தில் கிளம்புகிறேன் என்று மகளிடமிருந்து பதில் வந்தது. டைம்கீப்பர் கணக்குப் போட்டார். காலை ஆறரைக்கு மெட்ராஸ். அங்கிருந்து காரில் நாலு மணி நேரம்.

"பத்தரைக்கு வூட்டு வாசல்ல நிப்பா. அப்புறம் எடுக்கலாம்."

பங்காளிகள் சந்தேகப்பட்டு இழுத்தபோது, இது வாத்தியார் ஒத்துக்கொண்ட கணக்கு என்றாராம். நான் அன்று பரீட்சை வேலையாகத் திருக்கனூரில் இருந்தேன்.

பத்தரை ஆயிற்று. பன்னிரண்டும் ஆயிற்று. புதுச்சேரியிலிருந்து வந்த ஐஸ் கரைந்து தெருவில் ஓடியது. மூன்று மணிக்கு மைத்துனர் அவர் தோளைத் தொட்டார்.

"டிக்கெட் கெடைச்சிருக்காது மாமா. சாயந்திரம் வருவான்னு தெரிஞ்சாலாவது வெச்சிருக்கலாம்."

டைம்கீப்பர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, எடுக்கச் சொல்லித் தலையசைத்தார்.

ஊர் திரும்பி, விஷயம் கேள்விப்பட்டு நான் ஓடியபோது மணி ஏழரை இருக்கும். எனக்குப் பின்னாலேயே டாக்ஸி வந்து நின்றது. அந்தப் பெண் இறங்கி, கழுவிவிட்டிருந்த வாசலைப் பார்த்தாள்.

"எனக்காக இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிருக்கக் கூடாதாப்பா?"

என்னைக் கைகாட்டியிருக்கலாம். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நீ கரெக்டாதான் வந்தம்மா. நான்தான் வண்டிய முன்னாடியே எடுத்துட்டேன்."

ஒரு மாதம் கழித்து அவர் வேலைக்கு வந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் போய் அவர் பெஞ்சு முன்னால் நின்றேன். கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். அவர் ரிடையர் ஆகும்வரை, ஒரு சாயந்திரம்கூட அவரைத் தனியாக டீ குடிக்க விட்டதில்லை.